நான் போட்ட இரண்டு பெருக்கல் குறிகள்

பாட்டு சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பேனா பிடித்து இத்தனை பக்கம் எழுதிப் பல வருடம் ஆகிறது. ஒற்று விட்டுப்போகும். சொன்னதையே இன்னொரு தடவை சொல்லிவிடுவேன். சில பெயர்கள் மறந்தே போய்விட்டன. போன மாதம் உங்கள் கூட்டத்துக்கு என்னை அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். வணக்கம் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ வருடம் பிள்ளைகள் முன்னால் நின்றவள்தான், ஆனால் பெரியவர்கள் முன்னால் நிற்க எனக்கு எப்போதுமே வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் ஒரு பட்டியல் தயார் செய்துகொண்டிருந்தீர்கள். இடைநிலைப் பள்ளிக்கு வரும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இசை வகுப்பில் என்னென்ன வந்திருக்க வேண்டும் என்று. சுதி சேர வேண்டும், தாளம் தப்பக் கூடாது, கூட்டத்தோடு ஒரே குரலில் பாட வேண்டும், இத்தனை பாட்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். நல்ல பட்டியல். அதைக் குறை சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ‘இயலும்’, ‘இயலாது’ என்று இரண்டு கட்டம் போட்டிருந்தீர்கள். அதே மாதிரி ஒரு தாளைச் சப்பான்காரன் காலத்தில், எங்கள் ஊர் காஜா பெராங்கில், நான் என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் தமிழ்ப் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த வாத்தியாரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். புது உத்தரவில் பாட்டு கட்டாயப் பாடம். சப்பான் மொழியே பாட்டு வழியாகத்தான் ஏற வேண்டும் என்று சொன்னார்கள். பள்ளியை நடத்திய பெரிய வாத்தியாருக்குப் பாட்டுக்கும் காதுக்கும் ஏழாம் பொருத்தம். கோயில் பஜனையில் நான் ஆர்மோனியம் வாசிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“எனக்குப் படிப்பு இல்லீங்களே ஐயா” என்றேன்.

“எனக்கு மட்டும் சப்பான் படிப்பு இருக்கா? வாம்மா. ஆளுக்குப் பாதி தெரியாம சமாளிப்போம்” என்றார்.

அப்படித்தான் நான் டீச்சர் ஆனேன். என்னிடம் கொடுத்தது மேல் வகுப்பு. பதினாறு பிள்ளைகள்.

அந்த வகுப்பில் இருந்த பொன்னம்மாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பதின்மூன்று வயது. மெலிந்த பிள்ளை, ஆனால் கை மட்டும் பெரிய மனுஷி கை மாதிரி காய்ப்புக் காய்த்திருக்கும். அவள் அப்பா மாட்டுவண்டி ஓட்டினார். அலோர் காஜாப் பக்கம் மனைவியை இழந்த ஒருவருக்கு, இரண்டு பிள்ளைக்காரர், அவளைக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பெண் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கவே எல்லோருக்கும் பயம். ஆனால் பள்ளிப் பதிவில் பெயர் உள்ள பிள்ளைக்கு வாரம் இரண்டு சுண்டு அரிசி கிடைத்தது. சுண்டு என்றால் பால் டின் அளவு. மரவள்ளிக்கிழங்கையே மூன்று வேளையும் தின்ற வீட்டில் அது பெரிய விஷயம். அவள் அம்மா ஒருநாள் பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அரிசி வர்ற வரைக்கும் அவர் வாயத் தொறக்க மாட்டாரு டீச்சர். அரிசி நின்னுச்சுன்னா அடுத்த வாரமே வண்டியக் கட்டிருவாரு. எப்படியாவது புள்ள பேரு பதிவுல இருக்கட்டும்.”

“இருக்கும்க்கா” என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

பட்டியல் வந்தது ஒரு மழை நாளில். கல்வி அலுவலகத்து மலாய்க்காரக் குமாஸ்தா, கிராணி என்போம், சைக்கிளில் கொண்டுவந்து, மலாயில் படித்துக் காட்டினார். மூன்று மாதத்தில் மேல் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மூன்று பாட்டு மனப்பாடமாக வேண்டும். எல்லாரும் ஒரே குரலாகப் பாட வேண்டும். நிமிர்ந்து நிற்க வேண்டும். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டி, அசையாமல் இருக்க வேண்டும். முடிந்த பிள்ளைக்கு வட்டம், முடியாத பிள்ளைக்குப் பெருக்கல் குறி.

பெரிய வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “நல்லாப் பாடுனவனுக்கு முட்டை போடச் சொல்றான்மா. நான் முப்பது வருஷமா முட்டை போட்ட பயலுவளுக்கெல்லாம் இப்பப் போயி மன்னிப்புக் கேக்கணும் போலருக்கே.”

கிராணிக்குத் தமிழ் புரியாது. எங்கள் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார்.

முதல் மாதத்தில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு, அது சின்னத் தப்பு. அந்தப் பாட்டுகளைக் கேட்டவுடனே எனக்கு மோகன ராகம் மாதிரி பட்டது. அதே ஐந்து சுரம். பஜனையில் வளர்ந்தவள் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு நீட்டலுக்கும் ஒரு அசைவு, ஒரு கமகம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். பிள்ளைகளும் அழகாக அசைத்துப் பாடினார்கள். பார்வையிட வந்த சப்பான் அதிகாரி, கொஞ்சம் வயசானவர், வாளெல்லாம் கிடையாது, அவரும் ஒரு வாத்தியார்தான் என்று சொன்னார்கள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி எங்களிடம் திரும்பி மலாயில் சொன்னார்.

“பிள்ளைகளுக்கு ஏன் குரல் நடுங்குது? காய்ச்சலா, பயமா என்று கேக்கிறார்.”

பெரிய வாத்தியார் என் பக்கம் குனிந்து, “காய்ச்சல்னு சொல்லிருவோம்மா. பஜனைன்னு சொன்னா புரியாது” என்றார்.

அதைத் திருத்துவது கஷ்டமாக இல்லை. கஷ்டம் கையில்தான் இருந்தது.

நம் பிள்ளைகளுக்குப் பாட்டும் கையும் ஒன்று. உட்கார்ந்தால் தொடையில் தட்டு, விரல் எண்ணு, கையைத் திருப்பு. தாளம் கையில் இருக்கிறது, பாட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் அவர்களுக்கும் கொடுத்திருந்தேன். கையை ஒட்டி வைத்து நில் என்றதும் பதினாறு பிள்ளையும் பதினாறு வழியில் ஓடியது. ஒருத்தி முதல் அடியை முடிப்பதற்குள் இன்னொருத்தன் இரண்டாம் அடிக்குப் போய்விடுவான்.

இரண்டு வாரம் தவித்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. எங்கள் பிள்ளைகள் எல்லாருமே வெறுங்கால். கை அசையக் கூடாது என்றுதான் தாளில் இருக்கிறது, கால் கட்டைவிரலைப் பற்றி ஒன்றும் இல்லை. கட்டைவிரலால் மண்ணை அழுத்தி எண்ணுங்கள் என்று சொன்னேன். ஒரே வாரத்தில் பாட்டு நேராகிவிட்டது. மேலே பார்த்தால் பதினாறு பொம்மை. கீழே பார்த்தால் கட்டைவிரல் எல்லாம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும். எனக்கு ஒரே பெருமை. தம்பி தங்கைகளே, நமக்குத் தோன்றின யோசனை மேல் நமக்கே பெருமை வந்துவிட்டால், அது வேலை செய்யாத பிள்ளை மேல் கோபம் வரும். எனக்கு வந்தது.

இரண்டு பேருக்கு அது வேலை செய்யவில்லை. ஒன்று பொன்னம்மா. கட்டைவிரல் அசைகிறது, பாட்டு வேறு எங்கேயோ போகிறது. இன்னொருவன் மணியம். கடற்கரைப் பக்கம் கிளேபாங்கிலிருந்து நடந்து வருவான். பதினான்கு வயது, குரல் உடைகிற நேரம். வகுப்புக்கு வந்த புதிதில் வாயையே திறக்க மாட்டான். திறக்க ஆரம்பித்த பிறகு ஒரே சுரத்தில் பாடினான், எல்லாப் பாட்டையும்.

மூன்றாம் மாதக் கடைசியில் தாளை நிரப்பி அனுப்ப வேண்டும். நான் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திப் பாட வைத்தேன். பதினான்கு வட்டம் போட்டேன். இரண்டு பெருக்கல் போட்டேன். பெரிய வாத்தியார் தாளை வாங்கிப் பார்த்தார்.

“இது நல்லா யோசிச்சுப் போட்டதாம்மா?”

“கேட்டுட்டுத்தான் போட்டேன் ஐயா. ரெண்டு பேருக்கும் வரல. பொய் எழுதினா நாளைக்கு அவரு கேக்கும்போது மாட்டிக்குவோம்.”

அவருக்கும் பயம் இருந்தது. தாளை மடித்துக் கொடுத்தனுப்பினார்.

எனக்கு அரிசி நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் தாள் வேறு, அரிசி வேறு என்று நினைத்துக்கொண்டேன். நேர்மையாக எழுதினேன் என்ற நினைப்பு வேறு. இரண்டு நாள் கழித்துக் கிராணி வந்தார். பெருக்கல் குறி போட்ட பிள்ளைகள் வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னால் தனியாகப் பாட வேண்டும், வராவிட்டால் பதிவிலிருந்து பெயர் எடுக்கப்படும் என்றார். அன்றைக்குத் திங்கள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க இரண்டு பேரையும் நிறுத்தி அதையே திரும்பத் திரும்பப் பாட வைத்தேன். பொன்னம்மா அழுதாள். மணியம் அழவில்லை, அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, கம்போங் செட்டி என்ற குடியிருப்பின் முனையில் மரவள்ளி மாவில் பலகாரம் சுட்டு விற்கும் அம்மா என்னை நிறுத்தினார். அவர்கள் செட்டிக் குடும்பம். சாமி நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். எல்லாரும் அவரை பீபி என்று கூப்பிடுவோம். அவர் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

“சிக்கு” என்றார், டீச்சரை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், “உன் முகம் ஏன் ஊசிப்போன பலகாரம் மாதிரி இருக்கு?”

சொன்னேன். ஒரு பிள்ளைக்குப் பாட்டே வரவில்லை, வெள்ளிக்கிழமை பெயரை எடுத்துவிடுவார்கள் என்றேன்.

“எந்தப் பிள்ளை?”

“வண்டிக்காரர் மகள்.”

பீபி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அதுக்கா பாட்டு வராது? எனக்கு மாவு இடித்துக் கொடுக்கிறதே அதுதான். தினம் காலையில் அந்தச் சப்பான் பாட்டைக் கேட்டுத்தான் நான் எழுந்திருக்கிறேன். அர்த்தம் தெரியாமல் என் பேரன்கள்கூட அதைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். சிக்கு, உனக்குக் காது சரியில்லை!”

மறுநாள் விடிந்தும் விடியாமல் பொன்னம்மா வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் உலக்கை விழும் சத்தம் கேட்டது. வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். மூன்று பாட்டையும் பாடினாள். உலக்கை விழும் இடத்தில் தாளம் விழுந்தது. சுதி ஒரு இழை நகரவில்லை. என் ஆர்மோனியம்கூட அவ்வளவு நேராக நிற்காது.

நான் உள்ளே போனதும் உலக்கையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். கை தானாகத் தொடையோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏன்டி வகுப்புல இப்படிப் பாடல?”

“தெரியல டீச்சர். உலக்க போட்டா தானா வருது. சும்மா நின்னா எங்க போறதுன்னு தெரிய மாட்டேங்குது. நீங்க வெரலு வெரலுன்னு சொல்றீங்க, எனக்கு வெரலப் பாக்கவே நேரம் சரியாருக்கு.”

அவள் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “டீச்சரம்மா, வெள்ளிக்கிழமைக்கு மேல அரிசி உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. இல்லன்னா நான் சனிக்கிழமை அலோர் காஜாவுக்கு ஆளு அனுப்பணும்.” அவர் கெட்டவர் இல்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வண்டிக் கூலி பேசுகிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் பொன்னம்மாவோடு மட்டும்தான் இருந்தேன். வகுப்பில் நிற்க வைத்து, உலக்கை விழுவதாக மனசுக்குள் நினைத்துக்கொள் என்றேன். சில சமயம் வந்தது, சில சமயம் வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் கிளேபாங்குக்குப் போய் மணியத்தையும் அவன் வீட்டில் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் டயருக்குள் கயிறு திணித்து ஓட்டுகிற காலம், அதுவும் அறுந்திருந்தது. தூரம் வேறு. பொன்னம்மா பக்கத்து வீடு மாதிரி, அவன் வீடு தூரம். உண்மையான காரணம் அவ்வளவுதான். நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வந்தார். கிராணி பின்னால் தாளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பதினான்கு பிள்ளைகளும் சேர்ந்து பாடினார்கள், தலையை ஆட்டிக் கேட்டார். அப்புறம் மணியத்தைக் கூப்பிட்டார். மணியம் நிமிர்ந்து நின்று, கையை ஒட்டி வைத்து, ஒரு அடிகூட மறக்காமல் பாடினான். ஆனால் சுரம் கீழேயே கிடந்தது. அதிகாரி கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். பென்சிலால் நான் போட்டிருந்த குறியின் மேலேயே தன் பேனாவால் இழுத்தார்.

அடுத்து பொன்னம்மா. முதல் அடி சரியாக வந்தது. இரண்டாம் அடியில் நழுவினாள். என் முகத்தைப் பார்த்தாள். அதோடு நின்றுவிட்டாள். அதிகாரி பேனாவைத் தாளில் வைத்தார்.

நான் பெரியவர்கள் முன்னால் பேச மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? அன்றைக்கு என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. “துங்கு டுலு, துவான்” என்றேன். கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று அர்த்தம். பெரிய வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. அப்போதெல்லாம் சின்னக் காரணத்துக்கே கன்னத்தில் அறைவார்கள். அதிகாரி பேனாவைத் தூக்காமல் என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், கிராணியிடம் சொன்னேன். இந்தப் பிள்ளைக்குப் பாட்டு வரும். வேலை செய்யும்போது வரும். நான் நேற்று முன்தினம்தான் கேட்டேன். நான் போட்ட குறி தப்பு. பிள்ளை தப்பில்லை.

கிராணி அதை அவரிடம் நீளமாகச் சொன்னார். நான் சொன்னதைவிட நிச்சயமாக நீளம். என்ன சேர்த்துச் சொன்னார் என்று கடைசி வரை எனக்குத் தெரியாது, அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும். அதிகாரி ஒரே வார்த்தைதான் சொன்னார்.

“‘காட்டு’ என்கிறார்” என்றார் கிராணி.

பள்ளியில் உலக்கை ஏது? சுற்றிலும் பார்த்தேன். உத்தரவுப்படி பள்ளித் திடலில் மரவள்ளி நட்டிருந்தோம், பாத்தி ஓரத்தில் மண்வெட்டி சாத்தியிருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உலக்கை மேலிருந்து கீழே நேராக விழும். மண்வெட்டி வளைந்து போகும், மண்ணை இழுக்க வேண்டும். அது வேறு தாளம்.

“டீச்சர், இது கனம் கூட” என்றாள் மெதுவாக.

“பாட்ட நெனைக்காத. பாத்திய வெட்டு. பாட்டு வந்தா வரட்டும்.”

முதல் நாலு வெட்டு மௌனமாகவே போனது. ஈர மண், மண்வெட்டி சிக்கிக்கொண்டது. பிள்ளைகள் வரிசையில் யாரோ சிரிக்க, பெரிய வாத்தியார் “சூ!” என்றார். ஐந்தாவது வெட்டில் பாடத் தொடங்கினாள், தப்பான இடத்தில். நிறுத்தினாள். இரண்டு வெட்டு சும்மா வெட்டினாள். அப்புறம், மண்வெட்டி மண்ணில் இறங்குகிற இடத்தை விட்டுவிட்டு, அதை இழுக்கிற இடத்தில் பாட்டைப் பிடித்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தோன்றியிருக்காது. அதிலிருந்து கடைசி வரை ஒரு பிசகு இல்லை. பாத்தி ஓரம் வரை வெட்டிக்கொண்டே போய், பாட்டு முடிந்த இடத்தில் நிமிர்ந்தாள். நெற்றியெல்லாம் மண்.

அதிகாரி பாத்தி ஓரம் வரை அவள் கூடவே நடந்திருந்தார். காலில் போட்டிருந்த சப்பாத்தில் சேறு. திரும்பி வந்து, என் பெருக்கல் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. பெரிய மனுஷி மாதிரி வருடா வருடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அவர் தாளை மடிக்கப் போகும்போது நான் மணியத்தைப் பார்த்தேன். வரிசைக்குத் தனியாக நின்றுகொண்டிருந்தான். மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் துணிச்சல் வந்திருந்தது. “துவான், இந்தப் பையன்?” என்றேன்.

அதிகாரி கேட்டார், கிராணி மலாயில் சொன்னார்: “இவனும் வேலை செய்யும்போது பாடுவானா? நீ கேட்டிருக்கிறாயா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி, மண்வெட்டியைக் கொடுத்திருக்கலாம். வராவிட்டால் பொன்னம்மாவின் வட்டத்தையும் சேர்த்து அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். இத்தனை வருடம் யோசித்தும் அந்தப் பயம் சரியா தப்பா என்று தெரியவில்லை.

“கேட்டதில்லை” என்றேன்.

அவர் தலையை அசைத்தார். தாளை மடித்துக் கிராணியிடம் கொடுத்தார். அடுத்த வாரம் பதினைந்து பிள்ளைக்கு அரிசி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளேபாங்குக்கு நடந்தே போனேன். வியாழக்கிழமை தூரமாக இருந்த வழி அன்றைக்குத் தூரமாக இல்லை. மணியம் தன் அப்பாவோடு கடல் தண்ணீரை டின்னில் மொண்டு, தோளில் காவடி மாதிரி கட்டிச் சுமந்துகொண்டிருந்தான். உப்புக் கிடைக்காத காலம், காய்ச்சி விற்றார்கள். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் அடுப்பை விட்டு ஓடிவந்தார்.

“பேரத் திரும்பி எழுத முடியாதா டீச்சர்? ஒரு மாசம் கழிச்சாவது?”

“கேட்டுப் பாக்கிறேன்க்கா” என்றேன். கேட்டும் பார்த்தேன், இரண்டு தடவை. முடியவில்லை.

மணியத்திடம், “ஒரு தடவ பாடுறியா? சொமந்துக்கிட்டே பாடு” என்றேன்.

அவன் மறுக்கவில்லை. டின்னைத் தோளில் ஏற்றி, கடலிலிருந்து அடுப்பு வரை நடந்துகொண்டே முதல் பாட்டைப் பாடினான். நான் அவன் பின்னாலேயே நடந்தேன். உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வரவில்லை. சுமந்தாலும் வரவில்லை. ஆனால் ஒரே சுரம் இல்லை. மூன்று சுரம் இருந்தது. வாயே திறக்காமல் வந்த பிள்ளை, மூன்று மாதத்தில் ஒன்றுக்கு வந்து, யாரும் பக்கத்தில் நின்று விரட்டாத இடத்தில் மூன்றுக்கு வந்திருந்தான். அந்தத் தாளில் அதை எழுத இடம் இல்லை. நானும் இடம் தேடவில்லை.

டின்னை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான்.

“மண்வெட்டி குடுத்திருந்தாலும் எனக்கு வந்திருக்காது டீச்சர்” என்றான். “பரவால்ல. ஆனா என்னையும் கேட்டிருக்கலாம்ல?”

அவன் அப்பா, “டேய், டீச்சர்கிட்ட என்னடா பேச்சு, தண்ணி ஆறுது” என்று அதட்டினார். அவன் சிரித்துக்கொண்டு திரும்பக் கடலுக்குப் போய்விட்டான்.

பொன்னம்மா சப்பான்காரன் போகிற வரைக்கும் பள்ளியில் இருந்தாள். அலோர் காஜாப் பேச்சு தானாக நின்றுபோனது. பிறகு தனக்குப் பிடித்த இடத்தில் கல்யாணம் ஆகி நன்றாக இருந்தாள். மணியம் குடும்பம் சப்பான் சண்டை முடிவதற்கு முன்னாலேயே கிளேபாங்கை விட்டுப் போய்விட்டது. எங்கே என்று எனக்குத் தெரியாது.

பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டியல் இல்லாவிட்டால் என்னை மாதிரி ஆள் தனக்குப் பிடித்ததையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள், எல்லாப் பாட்டையும் மோகனமாக்கிவிடுவாள். சுதி வேண்டும், தாளம் வேண்டும், பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது மரியாதைதான். ஆனால் ‘இயலாது’ என்று எழுதுவதற்கு முன்னால், எங்கே நின்று கேட்டேன், எத்தனை விதமாகக் கேட்டேன் என்று அதற்குப் பக்கத்தில் எழுத ஒரு இடம் விடுங்கள். பிள்ளை எங்கிருந்து புறப்பட்டு எங்கே வந்திருக்கிறது என்று எழுதவும் ஒரு இடம் விடுங்கள். அதை எழுத வேண்டியிருந்தால் நான் மழையிலும் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு உதவி. இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் யாராவது சரிபார்க்க வேண்டும். வகுப்பில் பதினாறு பிள்ளையா, பதினேழா என்பது எனக்கு உறுதி இல்லை. அரிசி இரண்டு சுண்டு என்று எழுதியிருக்கிறேன், ஒன்றரையாகவும் இருக்கலாம். பொன்னம்மாவின் மகள்கள் இன்னும் காஜா பெராங்கில்தான் இருக்கிறார்கள், அம்மா என்ன சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட, கிளேபாங்குப் பழைய ஆட்கள் யாரிடமாவது, உப்புக் காய்ச்சின அந்தக் குடும்பம் எங்கே போனது என்று விசாரியுங்கள். மணியம் இருந்தால், இல்லாவிட்டால் அவன் பிள்ளைகள் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். அவன் ‘பரவால்ல’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறேன். அவன் அப்படிச் சொன்னானா, இல்லை நானே இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையைச் சேர்த்துக்கொண்டேனா என்று கேட்டு எனக்குச் சொல்லுங்கள். சொல்லவில்லை என்றால் அடித்துவிடுங்கள்.